பெண்களே இல்லாத கோப்பன்ஹேகன்

நாங்கள் சினிமா எடுக்கப் புறப்பட்டதற்குக் காரணம் ஒரு முழங்கை.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தெட்டு, சித்திரை மாதம். கோப்பன்ஹேகனுக்கு ஓரமாகப் புரொண்பியில் நாலாம் மாடி வீடொன்றில் ஐந்து ஆம்பிளைகள் குடியிருந்தோம். எங்களில் மூத்தவர் இன்னாசித்தம்பி. மன்னார் பேசாலைக் கடலில் வலை போட்டவர், இங்கே ஒரு வெதுப்பகத்தில் தட்டுக் கழுவினார். மனைவி செலீனாவையும் மகன் ஜெனிஸ்ரனையும் கூப்பிட விண்ணப்பம் போட்டுப் பதினாறு மாதமாகிவிட்டது. குடிவரவுக் கந்தோரில் கேட்டால் "பரிசீலனையில் இருக்கிறது" என்பார்கள். டேனிஷில் வணக்கம் சொல்லப் பழகுவதற்கு முன்பே நாங்கள் ஐந்து பேரும் அந்த வசனத்தைப் பாடமாக்கிவிட்டோம்.

இந்த நிலையில் அவர் மனைவிக்கு ஒரு புகைப்படம் அனுப்பினார். நகரசபைச் சதுக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற படம். அதன் வலது ஓரத்தில், நின்றவருக்கும் தெரியாமல் எடுத்தவனுக்கும் தெரியாமல், வழியால் போன யாரோ ஒரு வெள்ளைக்காரியின் முழங்கை வந்து விழுந்திருந்தது. முழங்கை மட்டும்தான். செலீனாவின் தமையன் ஸ்ரனிஸ்லாஸுக்கு அதுவே தாராளம்.

மறுமொழிக் கடிதத்தை இன்னாசியண்ணை குசினி மேசையில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினார்.

"'அன்புள்ள அத்தான், பெண்சாதி பிள்ளையைக் கூப்பிடுறது அந்த நாட்டுச் சட்டப்படி உரிமையாம் எண்டு அண்ணர் விசாரிச்சு வந்து சொல்லுறார். அரசாங்கம் பொய் சொல்லாதாம். அப்ப பொய் சொல்லுறது ஆர் எண்டு கேக்கிறார். நான் என்ன மறுமொழி சொல்ல? அந்த முழங்கை ஆருடையது? மடு மாதா ஆவணித் திருநாளுக்கு முதல் எனக்கு விளங்கக்கூடிய மாதிரி ஒண்டும் வராட்டி இனி உங்களுக்குக் கடிதம் எழுதமாட்டன்.'"

வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"லிங்கம், நீ யாவாரக் குடும்பம். நம்பாத ஆக்களை நம்பப்பண்ணுறதுதானே உங்கட தொழில். ஒரு வழி சொல்லு."

உண்மைதான். யாழ்ப்பாணம் பெரியகடையில் எங்கள் அப்பாவின் புடவைக்கடையில், சீலைக் கட்டுகளுக்கு நடுவிலே தவழ்ந்து வளர்ந்தவன் நான். வாங்க வந்தவளுக்குச் சீலையின் தலைப்பை மட்டும் காட்டினால் மீதியில் ஓட்டை இருக்குமென்று நினைப்பாள். முழுக்க உதறி விரித்துக் காட்டினால் பேசாமல் வாங்கிக்கொண்டு போவாள்.

"அண்ணை, போட்டோவுக்கு ஓரம் இருக்கு. ஓரத்துக்கு அங்கால என்ன நிக்குதெண்டு பாக்கிறவன் யோசிப்பான். வீடியோ எடுப்பம். நாலு பக்கமும் சுத்திக் காட்டுவம். அப்ப ஸ்ரனிஸ்லாஸ் எங்க யோசிக்கிறது?"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சூசைதாசன் வெங்காயத்தையும் கத்தியையும் அப்படியே போட்டுவிட்டு எழும்பினான். எங்கள் வீட்டில் அவன்தான் கலைஞன். யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றில் மூன்று வருடம் கல்யாண வீடியோ எடுத்ததாக எங்களுக்குத் தினமும் சொல்லுகிறவன்.

"மச்சான், கமெரா மட்டும் கொண்டுவந்து தா. மிச்சத்தை நான் பாக்கிறன்."

கமெரா எங்கள் டேனிஷ் வகுப்பு ஆசிரியை கிர்ஸ்டனிடம் இருந்தது. தோளில் வைத்துச் சுமக்கிற, ஒரு ஆட்டுக்குட்டி அளவு கமெரா. வைகாசியில் ஒரு சனிக்கிழமை மட்டும் தருவதாகச் சொன்னார். பற்றரி ஒன்றுதான், அதுவும் நாற்பது நிமிடம்தான் தாங்கும்.

அந்த நாற்பது நிமிடமும் என் கடைச் சரக்காகிவிட்டது. வீட்டில் ஆளாளுக்குப் பங்கு கேட்டார்கள். சூசை, தான் ஒரு சிவப்புக் காரில் சாய்ந்து நிற்க எட்டு நிமிடம் கேட்டான். கல்யாணத் தரகருக்கு அனுப்பவாம்.

"எட்டோ? ஒரு நிமிசம் தாறன்."

"மச்சான், ஆறு."

"உன்ர முகத்துக்கு ஆறு நிமிசம் கூடிப்போச்சடா. பாக்கிற பொம்பிளை யோசிக்கத் தொடங்கிவிடுவாள். ஒரு நிமிசமெண்டா யோசிக்கமுதல் முடிஞ்சிடும்."

ஒன்றரை நிமிடத்தில் பேரம் முடிந்தது. கார் இல்லாமல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோப்பன்ஹேகன் வரைபடத்தை மேசையில் விரித்து இடம் தேடத் தொடங்கினோம். தலைநகரம் என்று பெயர்தானே தவிர, நடந்து சுற்றினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இவ்வளவு சின்ன ஊரில் படம் எடுப்பது என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்திருந்தேன். இன்னாசியண்ணை தன் நிபந்தனையைச் சொன்னார்.

"படத்தில ஒரு பொம்பிளையும் வரக்கூடாது. முழங்கை, முழங்கால், நிழல், ஒண்டும்."

வைகாசி மாதத்துக் கோப்பன்ஹேகனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. ஆறு மாதம் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த சனம், வெயிலின் முதல் கீற்றைக் கண்டதும் கம்பளியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சைக்கிளில் ஏறிவிடும். அதில் பாதி பெண்கள். மீதிப் பாதியும் தலைமயிரை வளர்த்து விட்டிருப்பதால் தூரத்தில் பெண்களாகவே தெரியும். இந்த நகரத்தில் ஒரு பெண்ணும் விழாமல் கமெராவை முழுவட்டம் சுற்ற வேண்டும்.

மூன்று பேருமாக முதலில் கடற்கன்னிச் சிலைக்குப் போனோம். உலகமே வந்து பார்க்கிற சிலை. இன்னாசியண்ணை ஒருமுறை பார்த்தார், உடனே கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன அண்ணை?"

"உடுப்பில்லாமல் இருக்கிற ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில நிண்டு நான் என்னெண்டு சத்தியம் பண்ணுறது? உனக்கு விசரோ?"

அரண்மனைச் சதுக்கத்தில் கரடித்தொப்பிக் காவலர்கள் நின்றார்கள். எல்லாரும் ஆம்பிளைகள். சூசை துள்ளினான். "உள்ளுக்கை ஆர் இருக்கிறது?" என்று இன்னாசியண்ணை கேட்டார். மகாராணி என்றேன். "வேண்டாம்" என்றார். திவோலிப் பூங்காவை வாசலிலேயே தள்ளிவிட்டோம். அதற்குள் போகிறவர்கள் சோடி சோடியாகத்தான் போனார்கள். நியூஹவுன் கால்வாய்க் கரையில் வண்ண வண்ண வீடுகள், கப்பல்கள், அந்தக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பியர் போத்தலோடு வெயில் காய்கிற பெண்கள். சூசை அங்கே இன்னும் கொஞ்ச நேரம் இடம் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்தான். சேட்டுக் கொலரில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

பழைய மீன்கரைக்கு வந்ததும் இன்னாசியண்ணையின் முகம் மலர்ந்தது. மணமே இல்லாத இடத்திலும் அவருக்கு மீன் மணத்தது. "இதுதானடா இடம்" என்று வேகமாக நடந்தவர் சட்டென்று நின்றார். எதிரே ஒரு கற்சிலை. தலையில் துணி கட்டி, கையில் மீனோடு நிற்கிற மீன்காரி.

"இந்த ஊரில கல்லும் பொம்பிளையாத்தான் நிக்குதோ?" என்றான் சூசை.

இன்னாசியண்ணை சிலையைச் சுற்றி வந்து பார்த்தார். "இவ எங்கட மாமியார் மாதிரி இருக்கிறா. அதே நிலை. அதே முறைப்பு" என்றார். குரலில் ஒரு ஆசை.

"அப்ப இவவை மட்டும் விடுவமோ, அண்ணை?"

"வேண்டாம். ஸ்ரனிஸ்லாஸ் தாயை அடையாளம் பிடிக்கமாட்டான். கிழவியோடையும் தொடர்பாம் எண்டுவான்."

களைத்துப்போய்க் கால்வாய்ச் சுவரில் குந்தியபோதுதான் எதிர்க்கரையைப் பார்த்தோம். பாராளுமன்றமும் அமைச்சுக் கட்டடங்களும் நிற்கிற தீவு. விடுமுறை நாள். ஒரு சைக்கிள் இல்லை, ஒரு பாவாடை இல்லை, புறாக்கள் மட்டும். எங்கள் ஃபைல் கிடந்தது வேறொரு கந்தோரில்தான். ஆனால் அந்தக் கந்தோருக்கு மேலிடம் இங்கேதான் இருந்தது.

"இஞ்ச நிண்டு சொன்னா ஃபைலுக்கும் கேக்கும்" என்றார் இன்னாசியண்ணை. இடம் முடிவாகிவிட்டது.

சூசை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அமைச்சுக்கு முன்னால பெர்மிட் இல்லாமல் கமெரா தூக்கினா எங்கட ஊரில என்ன நடக்கும்?" என்றான். என்ன நடக்குமென்று மூவருக்கும் தெரியும். ஆகவே திங்கட்கிழமை பொலிஸ் நிலையத்துக்குப் போனோம்.

மேசையில் இருந்த பொலிஸ்காரர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "அனுமதி தேவையில்லை. அது பொதுத் தெரு" என்றார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எடுத்த எடுப்பில் "ஒன்றும் வேண்டாம்" என்கிற வியாபாரி கடைசியில்தான் பெரிய விலை சொல்லுவான் என்பது என் அனுபவம். நாங்கள் போகவில்லை. சுவரோர வாங்குப் பலகையில் இருந்தோம். அரைமணி நேரம் கழித்து அவர் எங்களுக்குக் கோப்பி கொண்டுவந்து தந்தார். குடித்துவிட்டும் இருந்தோம்.

"உங்களுக்கு என்னதான் வேண்டும்?" என்றார்.

"எழுதித் தாருங்கள்" என்றேன்.

"எதை?"

"தேவையில்லை என்பதை."

அவர் ஒரு கடதாசியை எடுத்தார். பிறகு தட்டெழுத்துப் பொறியை இழுத்து, 'இதைக் கொண்டுவருபவருக்கு அனுமதி எதுவும் தேவையில்லை' என்று அடித்து முத்திரை குத்தினார். சூசை கேட்டதற்காகக் கீழே இன்னொரு முத்திரையும் குத்தினார்.

வெளியே வந்து அந்தக் கடதாசியை இன்னாசியண்ணை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "அரை மணித்தியாலத்தில ரெண்டு முத்திரை! குடும்ப விசாவையும் இந்த மனிசனிட்டைக் குடுத்தா என்ன?"

இனி உடுப்பு. இன்னாசியண்ணைக்கு ஒரு கோட்டு வேண்டியிருந்தது. பழைய உடுப்புக் கடையில் சாம்பல் நிறக் கோட்டு ஒன்று முப்பது குரோனருக்குத் தொங்கியது. கடைக்காரப் பாட்டியிடம் இருபது என்றேன். முடியாது என்றார். அப்பா சொல்லித்தந்தபடி கோட்டைத் தொங்கவிட்டு, கவலையில்லாத முகத்தோடு மெதுவாக வெளியே நடந்தேன். பெரியகடையில் நாலாவது அடி வைக்கமுதல் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். இங்கே பஸ் தரிப்பிடம் வரைக்கும் போய்விட்டேன். கூப்பிடவில்லை. திரும்பிப் போனேன்.

"இருபத்திரண்டு?"

பாட்டி என் சப்பாத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "கையில் பணம் இல்லையென்றால் சும்மா எடுத்துப் போ, மகனே."

மூன்று தலைமுறை வியாபாரக் குடும்பத்துக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டுமா? "சும்மா வேண்டாம், இருபத்தைந்து தருகிறேன்" என்றேன். அவர் ஐந்து போதும் என்றார். நான் இருபத்தெட்டுக்கு ஏறினேன். அவர் ஐந்திலேயே நின்றார். கடைசியில் முப்பதையும் மேசையில் வைத்துவிட்டு, கோட்டோடு ஓடாத குறையாக வெளியே வந்தேன். என் வாழ்க்கையில் நான் வென்ற பேரங்களில் கேட்ட விலையையே கொடுத்து வென்றது இது ஒன்றுதான்.

சனிக்கிழமை வந்தது. அமைச்சுத் தெரு எங்களுக்கென்றே கூட்டித் துடைத்துவிட்டது போல வெறுமையாகக் கிடந்தது. கிர்ஸ்டன் மஞ்சள் மழைக்கோட்டோடு சைக்கிளில் வந்து கமெராவை இறக்கினார். சூசை அதை வாங்கித் தோளில் வைத்தான். வைத்த விதத்தில் கண்ணாடி அவன் காதைப் பார்த்தது. திருப்பி வைத்தான். இப்போது வானத்தைப் பார்த்தது.

"சூசை, நீ உண்மையா வீடியோ எடுத்தனியோ?"

அவன் முகம் சிவந்தது. "ஸ்ரூடியோவில நான் லைற் பிடிச்சனான், மச்சான்."

"மூண்டு வருசமும்?"

"மூண்டு வருசமும்."

"லைற்றுக்கு மேல சூரியன் நிக்குது. உன்னை என்னத்துக்கடா கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்?"

கமெராவை ஓட்டத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். அவர் ஒரு பெண். இன்னாசியண்ணை தலையில் கை வைத்தார். நான் இடையில் விழுந்து பேரம் பேசினேன். கமெராவுக்குப் பின்னால் நிற்கிறவர் படத்தில் விழமாட்டார். கமெரா சுற்றும்போது அவரும் கூடவே சுற்றுவார். நிழல் விழாத பக்கம் நிற்பார். ஒரு சத்தமும் போடமாட்டார். கிர்ஸ்டன் இதையெல்லாம் ஏதோ சமயச் சடங்கென்று நினைத்து மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார்.

கமெராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. முதலில் சூசையின் ஒன்றரை நிமிடத்தையும் வீட்டாரின் பங்குகளையும் எடுத்து முடித்தோம். பிறகு கோட்டுப் போட்ட இன்னாசியண்ணை நடுத்தெருவில் நின்றார்.

"செலீனா, சுத்திப் பார். வடிவாப் பார். ஒருத்தரும் இல்லை. நான் தனிச்சுத்தான் நிக்கிறன். அண்ணரும் பாக்கட்டும்."

கமெரா சுற்றியது. சுவர், ஜன்னல், புறா, சுவர், காவல்காரர். காவல்காரர்! கட்டடத்துக்குள்ளிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தார். சூசை ஓடிப்போய் இரண்டு முத்திரைக் கடதாசியை நீட்டினான். அவர் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். கடதாசியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓரமாக ஒதுங்கப் பார்த்தார்.

"நில்லுங்கள், நில்லுங்கள், நீங்கள் ஆண்தானே" என்று அவரைப் பிடித்து இன்னாசியண்ணைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். படம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு சாட்சிபோல நின்றார்.

"இதுதான் கந்தோர் தந்த துண்டு. பதினேழு மாதத்துக்கு முந்தின திகதி இருக்கு, பார்" என்று இன்னாசியண்ணை விண்ணப்பம் கிடைத்ததற்கான கடிதத்தை எடுக்கக் கோட்டைத் திறந்தார். கடிதம் சேட்டுப் பையில் இருந்தது. திகதி தெளிவாகத் தெரிய வேண்டுமென்று கிர்ஸ்டன் கமெராவைக் கிட்ட இழுத்தார்.

அப்போதுதான் அது நடந்தது. கமெராவுக்குப் பின்னாலிருந்து கலகலவென்று ஒரு சிரிப்பு. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. விரல்களுக்கு நடுவால் வழிந்தது. வழிந்துகொண்டிருக்கும்போதே பற்றரி முடிந்து விளக்கு அணைந்தது.

"மன்னியுங்கள், மன்னியுங்கள்!" என்றார் கிர்ஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவருடைய பொத்தான்கள்!"

நாங்கள் குனிந்து பார்த்தோம். சேட்டில் நாலு பொத்தான். நாலையும் இன்னாசியண்ணை துறைமுகத்தில் பொறுக்கிய நீல நைலோன் நூலால், வலை முடிச்சுப் போட்டு, ஒவ்வொன்றும் கடலைக்கொட்டை அளவில் கட்டி வைத்திருந்தார். சுறா பிடித்தாலும் அறாது.

பார்க்கப் போனால் சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் பெண்கள் இல்லாத எங்கள் படத்தில், வெறுந்தெருவில், ஒரு பெண்ணின் சிரிப்பு முழுசாகப் பதிவாகிவிட்டது. முழங்கையென்றால் வழியால் போனவளுடையது என்றாவது சொல்லலாம். ஆளில்லாத சிரிப்புக்கு என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து யோசித்தோம். சிரிப்புக்கு மேலே ஒரு பாட்டைப் பதியலாம் என்றான் சூசை. கடைசி ஒரு நிமிடத்தை அழித்துவிடலாம் என்றேன் நான். கசெற் மேசையில் கிடந்தது. இன்னாசியண்ணை அதைக் கையில் எடுத்தார்.

"வெட்டினா அதுக்கும் ஓரம் வந்திடும், லிங்கம். ஓரத்துக்கு அங்கால என்ன நிண்டதெண்டு அவள் யோசிப்பாள். முழுக்க விரிச்சுக் காட்டவேணுமெண்டு நீதானே சொன்னனி? அப்படியே போகட்டும்."

எங்கள் அப்பாவின் பாடத்தை எனக்கே திருப்பி விற்றுவிட்டார். கசெற் பதிவுத் தபாலில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கைமாறி மன்னாருக்குப் போனது. ஆனி போய்விட்டது, ஆடியும் போய்விட்டது. இன்னாசியண்ணை வெதுப்பகத்திலிருந்து வந்ததும் நாலு மாடியும் ஏறமுதல் கீழே தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

ஆவணித் திருநாளுக்கு ஐந்து நாள் இருக்கக் கடிதம் வந்தது. உறை தடித்திருந்தது. பிரிக்கப் பயந்து என்னிடம் தந்தார். நான் வாசித்தேன்.

"'அன்புள்ள அத்தான், டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனறேற்றர் போட்டு ஊரே இருந்து பாத்தது. அந்தச் சிரிப்பு வந்தவுடனை அண்ணர் கதிரையால எழும்பி, கேட்டியோ, கேட்டியோ எண்டு குதிச்சார். நான் திருப்பிப் போடச் சொன்னன். மூண்டு தரம் திருப்பிப் பாத்தன். பிறகு அண்ணரிட்டைக் கேட்டன், ஒரு பொம்பிளை வீட்டில இருந்தா அவள் இந்தச் சேட்டுத் தெறியோடை இந்த மனிசனைத் தெருவில இறங்க விடுவாளோ எண்டு. சிரிச்சவள் முதல் தரம் இப்பத்தான் அந்தத் தெறியைக் காணுறாள், அதுதான் அப்பிடிச் சிரிக்கிறாள். அண்ணர் திரும்பக் கதிரையில இருந்திட்டார். வந்திருந்த பொம்பிளையள் எல்லாரும் என்ர பக்கம். இதோடை நாலு தெறியும் வெள்ளை நூலும் வச்சிருக்கிறன். இனியும் என்னை வெக்கப்படுத்தாதேயுங்கோ.'"

உறையைக் கவிழ்த்தேன். நாலு வெள்ளைப் பொத்தான்கள் மேசையில் உருண்டன. இன்னாசியண்ணை அவற்றைப் பொறுக்கிச் செபமாலையோடு சேர்த்து ஒரு ரின்னில் போட்டு மூடினார்.

"தைக்கேல்லையோ, அண்ணை?"

"ஏன் தைக்கிறது? அவள் வந்து தைக்கட்டும்."

அடுத்த ஆண்டு ஃபைல் கண்விழித்தது. அதைச் சட்டத்துக்கு மாறாகத் தூங்கவைத்த அமைச்சர் யாரென்று இந்த நாடே விசாரித்து, கடைசியில் இந்த நாட்டு அரசாங்கமே பதவி விலகி வீட்டுக்குப் போனது பிறகு நடந்த கதை. சட்டம் உரிமை தருகிறது என்று ஸ்ரனிஸ்லாஸ் விசாரித்தது சரிதான். அரசாங்கம் பொய் சொல்லாது என்று நம்பியதில்தான் அவன் பிழைவிட்டான்.

விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம். இன்னாசியண்ணை வேண்டுமென்றே அந்த நீல முடிச்சுச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். செலீனா வந்தார்; ஒரு கையில் ஜெனிஸ்ரன், மறுகையில் பெட்டி. பெட்டியைக் கீழே வைத்து, முதல் வேலையாகப் புருசனின் மேல் பொத்தானைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "இதுக்குக் கத்தரிக்கோல் காணாது, மீன் வெட்டுற கத்திதான் வேணும்" என்றார், கண்ணில் நீரோடு.

பூங்கொத்தோடு நின்ற கிர்ஸ்டனைப் பிறகுதான் கண்டார்.

"சிரிச்சது இவவோ?"

"ஓம்" என்றேன் நான்.

செலீனா கிட்டப் போனார். பூவை வாங்கவில்லை. கிர்ஸ்டனின் வலது கையைப் பிடித்து, மெல்லத் திருப்பி, முழங்கையைக் கவனமாகப் பார்த்தார். கிர்ஸ்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதே கலகலச் சிரிப்பைச் சிரித்தார்.

இன்னாசியண்ணை பாய்ந்து வந்தார்.

"ஐயோ செலீனா, அது வேற முழங்கை!"